மாத்திரைக்கு வலிப்பு கேட்காதபோது: வளரிளம் பருவத்தினர் குறித்து எங்கள் நிலைப்பாடு

உத்திரமேரூர் பக்கம் பள்ளிப் பிள்ளை ஒருத்தி கைகால் உதறி விழுந்தால் காக்கா வலிப்பு, காத்து கருப்பு, நாடகம் என்று மூன்று தீர்ப்புகள் உடனே வந்துவிடுகின்றன. நான்காவது ஒன்றும் உண்டு: மனநெருக்கடி உடல்வழி வெளிப்படும் வலிப்பு போன்ற நிகழ்வு. அப்போது மூளையில் வலிப்புக்குரிய மின்கிளர்ச்சி இருக்காது. பிள்ளை வேண்டுமென்றே செய்வதும் அல்ல. வலிப்பு மாத்திரை இதற்குக் கேட்காது. கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மந்தமும் படிப்பிழப்பும்தான் மிச்சம். அந்த மாத்திரை வால்ப்ரோயேட் என்றால், பின்னாளில் கருவுறும்போது குழந்தைக்கே ஆபத்து. ஆகவே அளவைக் கூட்டும் முன் நோயறிதலை மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு நிகழ்வின்போது வீட்டார் எடுத்த கைபேசிக் காணொளியைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. உண்மையான வலிப்பு நோயிலும் இடைப்பட்ட நேரத்து ஈ.ஈ.ஜி. இயல்பாக இருக்கலாம். நிகழ்வின்போது கண்களை இறுக மூடியிருப்பது, தலை இடவலமாக ஆடுவது, உதறல் விட்டுவிட்டு வருவது, இரண்டு நிமிடத்தைத் தாண்டுவது ஆகியவை மனநெருக்கடி வகையைச் சுட்டுபவை; அவையும் சேர்ந்து வந்தால்தான் பொருள் உண்டு. ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. உறுதிசெய்வது காணொளியுடன் கூடிய ஈ.ஈ.ஜி.தான். அதற்குப் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகருக்குப் போக வேண்டும். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது பல நாள் வருமானம். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் பணிக்குழு 2013-இல் இதற்கு வழி சொன்னது: மருத்துவர் காணொளியில் கண்ட நிகழ்வு இவ்வகைக்கு ஒத்திருந்து, ஈ.ஈ.ஜி.யிலும் வலிப்பின் தடயம் இல்லையென்றால், 'பெரும்பாலும் இதுவே' என்ற நிலைக்கு வரலாம். மேல்சிகிச்சைக்கு அனுப்ப அது போதும்.

பெண்பிள்ளையைப் படமெடுப்பதா என்ற தயக்கம் நியாயமானது. பெற்றோர் மட்டும் எடுக்கட்டும், மருத்துவருக்கு மட்டும் காட்டட்டும். வாட்ஸ்அப் குழுவில் போகவே கூடாது. உண்மையான வலிப்பு தவறிப்போகுமே என்ற அச்சம் அதைவிடக் கனமானது, ஏனெனில் சிலருக்கு இரண்டுமே இருக்கும். அதனால்தான் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் எதுவானாலும் 108-ஐ அழையுங்கள் என்கிறோம். கையில் சாவி கொடுத்ததும் நின்றதே என்பவர்களுக்கு: இரு வகையும் பெரும்பாலும் தாமாகவே நிற்பவை.

கிள்ளிப் பார்ப்பதையும் வெங்காயத்தை மூக்கில் திணிப்பதையும் யார் செய்தாலும் எதிர்க்கிறோம். 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவதையும் எதிர்க்கிறோம். நோயின் பெயரைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லி, மனநல ஆலோசனைக்கு வழிகாட்ட வேண்டும். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். தேர்வா, கல்யாணப் பேச்சா, வீட்டில் அடியா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்ற கேள்விகளைப் பெற்றோரையும் ஆசிரியரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.