பந்தியின் கடைசி இலை

ஊர்ப் பந்தியில் பரிமாறிப் பழகிய பெரியவர்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். சோறும் குழம்பும் அடுக்களையிலிருந்து புறப்பட்டுவிட்டன என்பதனால் மட்டும் அவர்கள் மனம் அமைதி கொள்வதில்லை. முதல் இலையில் உண்பவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்வார். அவரைப்பற்றிக் கவலை இல்லை. வரிசையின் கோடியில், தூணுக்குப் பின்னால், வாய்திறந்து கேட்கக் கூச்சப்பட்டு ஒருவர் அமர்ந்திருப்பார். அந்தக் கடைசி இலைக்கு எதிரே நின்றுதான் பெரியவர், "எல்லாருக்கும் வந்ததா?" என்று கேட்பார். விருந்து நடந்ததா இல்லையா என்பதை அடுக்களை சொல்ல முடியாது. கடைசி இலைதான் சொல்ல வேண்டும்.

அரசுத் துறைகள் மக்களுக்கு ஆற்றும் பணிகளையும் இவ்வாறே அளந்து பார்ப்பது நன்று. அணை, ஏரி, வாய்க்கால், அரசுக் கட்டடம் என்று பொதுப்பணித் துறையின் கை படாத ஊர் தமிழகத்தில் அரிது. அத்துறை நூற்றாண்டுக்கு மேலாகப் பரிமாறிவந்த பந்திகளுள் மிகப் பெரியது காவிரிப் பாசனம். 2021-ஆம் ஆண்டில் நீர்வளத் துறை தனித்துறையாகப் பிரிக்கப்பட்டு, இன்று அப்பணியை அதுவே ஏற்று நடத்துகிறது. பலகையில் பெயர் மாறினும் பணி மாறவில்லை. ஆகவே இத்திங்கள் அப்பந்தியையே சற்று உற்று நோக்குவோம்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் ஓடினால் அந்த அளவு வரும். ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பதும், ஜனவரி 28-ஆம் நாள் மூடுவதும் நெடுநாள் வழக்கம். திறந்த நீர் மூன்று நான்கு நாள்களில் கல்லணையை வந்தடைகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. காவிரியும் வெண்ணாறும் மேலும் பல ஆறுகளாகவும், ஆறுகள் வாய்க்கால்களாகவும், வாய்க்கால்கள் கன்னிகளாகவும் கிளைத்து, நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களின் கடலோரச் சிற்றூர்கள்வரை செல்ல வேண்டும். அந்தக் கோடியிலுள்ள வயல்களையே நாம் கடைமடை என்கிறோம்.

அணை திறக்கும் நாளில் மலர் தூவுகிறார்கள். வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி விடப்பட்டது என்று மறுநாள் நாளிதழ் எழுதுகிறது. அது அடுக்களைக் கணக்கு. கடைமடையில் நாற்றங்காலைச் சீர்படுத்திவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்து நிற்கும் உழவருக்கு அந்தக் கணக்கால் பயன் இல்லை. தம் மடையில் தண்ணீர் ஏறியதா என்பது ஒன்றே அவர் கணக்கு. விதைப்பு பதினைந்து நாள் தள்ளினால், கதிர் முற்றும் வேளையில் வடகிழக்குப் பருவமழை வந்து பயிரைச் சாய்த்துவிடும். நீர் வந்துசேராததும் அவருக்கு இழப்பு; பிந்தி வருவதும் இழப்பு. வட்டிக்கு வாங்கிய கடனும், அடகு வைத்த நகையும், பிள்ளையின் படிப்புக் கட்டணமும் அந்த ஒரு மடைத் தண்ணீரோடு கட்டப்பட்டிருக்கின்றன.

தண்ணீர் வழியில் நின்றுவிடுவதற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, மண். ஆறு கொண்டுவரும் வண்டல் ஆண்டுதோறும் வாய்க்காலின் அடிமட்டத்தை உயர்த்துகிறது. இரண்டாவது, களை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒரு பருவத்திலேயே வாய்க்காலை மூடி நீரின் வேகத்தைக் கொன்றுவிடுகின்றன. மூன்றாவது, பொறுப்பு துண்டுபடுவது. பாசன வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என வகுத்துப் பேசுவது வழக்கம். பெரிய வாய்க்கால்களாகிய ஏ, பி வகைகளைத் துறை தூர்வாருகிறது. வயலை ஒட்டிய சி, டி வகைகளோ பெரும்பாலும் யார் பொறுப்பு என்ற வினாவிலேயே தூர்ந்துபோகின்றன. பெரிய வாய்க்காலில் நீர் நுரைத்து ஓடும். நூறு கஜம் தள்ளியுள்ள வயல் காய்ந்து கிடக்கும். நான்காவது, ஆள். மதகைத் தூக்கி இறக்கும் லஸ்கர், கரையில் நடந்து உடைப்பைக் காணும் கரைக்காவலர் ஆகிய எளிய பணியாளர்களின் இடங்கள் ஓய்வுபெறுவோரால் காலியாகி, நெடுநாள் நிரப்பப்படாமல் நிற்பதுண்டு. அவர்களது பணி கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நின்றுபோனால்தான் தெரிகிறது.

நீர் வரும் நாளே உறுதியற்றுப் போன காலமும் உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவே இல்லை; 2017-இல் அக்டோபர் 2 ஆயிற்று. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டிய அளவை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. அவ்வாண்டிலேயே காவிரி மேலாண்மை ஆணையமும் அமைந்தது. 2020-இல் குறித்த நாளில் அணை திறந்தபோது, டெல்டா உழவர்கள் அதைத் திருநாளாகக் கொண்டாடியதில் வியப்பில்லை.

2018-ஆம் ஆண்டு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-இல் அமைத்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில், ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டு உழைத்த அணை அது. துறையினர் பாறைகளையும் மணல் மூட்டைகளையும் கொட்டி நீரைத் தடுத்தனர். பின்னர் அதனருகே புதிய கதவணை எழுந்தது. இடிந்த பின் கட்டுவதற்குப் பெருந்தொகை வேண்டும்; இடியாமல் காப்பதற்கு ஆண்டுதோறும் சிறு தொகையும், கூர்ந்து பார்க்கும் கண்ணும் போதும். வீட்டுக் கூரையில் ஓர் ஓடு விலகியபோதே ஏணி வைத்து ஏறும் இல்லத்தார்க்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்குறைகளைத் துறை எவ்வாறு எதிர்கொள்கிறது? குறை கூறுவதற்கு முந்திக்கொள்ளும் நாம், செய்ததைச் சொல்லவும் கடமைப்பட்டுள்ளோம். நீர் வருமுன் வழியைச் சீர்செய்வது என்னும் முறை அண்மை ஆண்டுகளில் உறுதிப்பட்டுள்ளது. 2021-இல் ஏறத்தாழ 65 கோடி ரூபாயில் 4,000 கிலோமீட்டருக்கு மேலும், 2022-இல் 80 கோடி ரூபாயில் 4,900 கிலோமீட்டருக்கு மேலும் டெல்டா மாவட்டங்களில் ஆறுகளும் வாய்க்கால்களும் வடிகால்களும் தூர்வார எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த 2022-இல், நாடு விடுதலை பெற்ற பின் முதன்முறையாக, மே மாதத்திலேயே, 24-ஆம் நாள், அணை திறந்தது. முன்கூட்டியே தொடங்கியிராவிடில் அவ்வாண்டு மண்வெட்டியும் வெள்ளமும் வாய்க்காலில் ஒன்றையொன்று சந்தித்திருக்கும்.

வெண்ணாற்றின் கடைக்கோடியில் வேறுவகைத் துன்பம். கோடையில் நீர் எட்டாத அதே நிலத்தில், மழைக்காலத்தில் நீர் வடியாது, கடல்நீரும் ஏறிவரும். 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கி கடனுதவி ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு முதலியவற்றில் கரைகளை உயர்த்துவதும் பழைய மதகுகளைப் புதுப்பிப்பதும் மேற்கொள்ளப்பட்டன. நீர் போதாத காலத்தில் இன்ன ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவதும், திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் உழவர் குறைதீர் நாளில் பொறியாளர்கள் நேரில் நின்று விடை கூறுவதும் துறையின் பழைய, பயனுள்ள வழிகள்.

எனினும் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். இத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம் என்பதும் அடுக்களைக் கணக்கன்றோ? கடைமடையில் எந்த நாளில், எத்தனை அங்குலம் நீர் ஏறியது என்பதை ஊரறிய எழுதி வைத்தால் என்ன? அணையின் நீர்மட்டம் நாள்தோறும் நாளிதழில் வருகிறது. கடைசி மதகின் நீர்மட்டமும் அந்தந்த ஊராட்சிப் பலகையில் வரட்டும். அந்த ஓர் எண் நேர்மையாக எழுதப்பட்டால், வழியில் எங்கே மண் அடைத்தது, எந்த மதகு பழுது, எந்த இடத்துக்கு ஆள் இல்லை என்பன யாவும் தாமே வெளிப்படும்.

இது புதிய சிந்தனையும் அன்று. காவிரிக் கழனிகளுக்கு வெளியே, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் அமைத்தனர். குடவோலை முறையால் ஆண்டுதோறும் உறுப்பினரைத் தேர்ந்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வு பெற இயலாது என்றும் விதித்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அந்த வாரியம் திறந்திருந்தது. ஏரியில் மண் சுமந்தவர்க்கு அதில் இடம் இல்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பொதுநீரைக் கையாண்டவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்ற நெறி இன்றும் நமக்கு வேண்டியதே. இன்று அக்கணக்கைக் கேட்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு.

உரிமை இருக்குமிடத்தில் கடமையும் உண்டு. தலைமடையில் தேவைக்கு மேல் நீரைத் தேக்கிக்கொள்வதும், இரவில் மதகை இழுத்துவிடுவதும், வாய்க்காலில் குப்பையையும் நெகிழிப் பைகளையும் கொட்டுவதும், கரையைச் சுரண்டித் தோட்டத்தை ஓரடி நீட்டுவதும் துறை செய்யும் குற்றங்கள் அல்ல, நாம் செய்பவை. எந்திரம் ஒரு மாதம் தூர்வாரிய வாய்க்காலை ஓர் ஊர் இரண்டே மாதத்தில் தூர்த்துவிட முடியும். வயலோரத்து டி வாய்க்காலுக்கு அரசாணை வரும் என்று காத்திராமல், பாசனதாரர்கள் ஒரு ஞாயிறு மாலை மண்வெட்டியோடு கூடினால் அங்கே நீர் ஓடும். அதற்குக் குடிமராமத்து என்று நம் முன்னோர் பெயர் வைத்திருந்தனர்.

அடுத்த முறை மேட்டூர் திறந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, அன்பு வாசகர்களே, அந்த நீர் போய்ச் சேரவேண்டிய கடைசி வயலை ஒரு கணம் எண்ணுங்கள். அவ்வயலுக்கு முந்திய மடையில் இருப்பவர் நம்மவராயின், நம் வயல் நனைந்ததும் மடையை அடைத்து நீரை அடுத்தவருக்கு விடச் சொல்லுங்கள். பொறியாளரைக் காண நேர்ந்தால், எத்தனை கன அடி என்று கேட்பதோடு நில்லாமல், கடைசி மடைக்கு வந்ததா என்றும் கேளுங்கள். கடைசி இலைக்குச் சோறு வந்த பிறகுதான் பந்தி முடிந்தது என்று பொருள்.