நாளைய மீனுக்கு இன்றைய காசு



இம்முறை நம் வீட்டுக் கேற்றடிக்கு வரும் வியாபாரிகளைப் பற்றி உங்களோடு பேச விருப்பம். திருக்கோவில், தம்பிலுவில், விநாயகபுரம் என்று எந்த ஒழுங்கைக்குள் போனாலும் காலை ஏழு மணிக்கு மேல் இவர்களைக் காணலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிஃபோம் பெட்டி கட்டிய மீன்காரர். பெத்தோவனின் மெட்டை நம் குழந்தைகளுக்கெல்லாம் பாடமாக்கிவிட்ட பாண் ஆட்டோ. மருதமுனைச் சாரனையும் சேலையையும் மூட்டையாகக் கட்டி வரும் புடைவைக்காரர். வாளியும் கதிரையும் லொறியில் அடுக்கி, ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு போகிறவர். உள்ளூர்க்காரர்களோடு அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், கல்முனைப் பக்கத்திலிருந்து வருபவர்களும் இவர்களில் உண்டு. பாதை அடைபட்டுக் கிடந்த காலங்களையும் தாண்டி நின்ற உறவு இது. தமிழ் வீட்டுக் குசினிக்கும் முஸ்லிம் ஊர்ச் சந்தைக்கும் நடுவில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருப்பது இவர்களின் சக்கரங்கள்தான்.

அந்தக் கேற்றடியில் இப்போது ஒரு புதுக் கேள்வி கேட்கிறது: “காக்கா, கார்ட் எடுப்பீங்களா?”

கேட்பவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கணவனோ மகனோ கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கிற வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அனுப்புகிற காசு வங்கிக்கு வருகிறது. பஸ் ஏறிப்போய் ஏ.டி.எம்.மில் எடுத்தால் கைக்கு வருவது பெரும்பாலும் ஐயாயிரம் ரூபாய்த் தாள். அந்தத் தாளோடு அறுநூறு ரூபாய்க்குக் கீரிமீன் வாங்கப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“ஐயாயிரம்தான் கிடக்கு காக்கா.”

“விடியக் காலையில மாத்துக் காசுக்கு நான் எங்க புள்ள போற? கொப்பில போட்டுக்கிறன். பிறகு தாங்க.”

அறுநூறு ரூபாய் கடனாகிவிட்டது. வாங்கியவரிடம் காசில்லாமல் இல்லை. இருந்த தாள் பெரிதாகப் போய்விட்டது, அவ்வளவுதான். மத்திய வங்கி தன் 75 ஆண்டு நிறைவுக்காக 2025 ஓகஸ்டில் இரண்டாயிரம் ரூபாய்த் தாளொன்றை வெளியிட்டது. கேற்றடி தேடுவதோ நூறையும் ஐம்பதையும்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. கைப்பேசியிலிருந்து காசு அனுப்பும் ஈஸி கேஷ் 2012இலேயே வந்துவிட்டது. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு உடனுக்குடன் பணம் மாற்றும் இணைப்பு 2015இல் வந்தது. 2020ஐ மின்னணுக் கொடுக்கல் வாங்கலுக்கான ஆண்டாக அறிவித்த மத்திய வங்கி, லங்கா கியூஆரை ஊர் ஊராகக் கொண்டுபோக முயன்றது. ஒரு மட்டையில் அச்சடித்த கறுப்பு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். மெஷின் வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். இந்தியாவின் கைப்பேசிக் கொடுப்பனவு முறையான யுபிஐயும் 2024 பெப்ரவரி 12 முதல் இந்தச் சதுரத்தோடு இணைந்துவிட்டது. அறுகம்பைக்கு வருகிற இந்தியப் பயணி இளநீருக்குத் தன் ஊர் போனாலேயே காசு கட்டலாம். பஸ் கட்டணத்தை வங்கிக் கார்டால் கட்டும் ஏற்பாடும் 2025 நவம்பரில் மாகும்புரவில் தொடங்கிவிட்டது.

அப்படியிருந்தும் நம் மீன்காரரிடம் கார்ட் மெஷினும் அந்தச் சதுரமும் ஏன் இன்னும் இல்லை? “படிக்காத ஆக்கள், பழக மாட்டாங்க” என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வட்ஸ்அப்பில் எந்தக் கரையில் என்ன மீன் பட்டது என்று விடியுமுன்னே அறிகிறவருக்கு ஒரு சதுரம் பெரிய வித்தையா?

காரணம் அவருடைய காசின் ஓட்டத்தில் இருக்கிறது. விடியுமுன் கரைவலை இழுபடும் இடத்திலோ தோணி வந்து சேரும் இடத்திலோ அவர் நிற்கிறார். கேட்டு, பேரம் பேசி, ஏலத்தில் எடுக்கிறார். ஐஸ் வாங்குகிறார், பெற்றோல் அடிக்கிறார். பத்து மணிக்குள் பெட்டி வெறுமையாக வேண்டும். வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். விற்ற காசில் முதலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வீட்டுச் செலவுக்கு எடுத்தது போக மிஞ்சியதை மடித்து வைக்கிறார். அடுத்த நாள் இருட்டோடு அதே காசுதான் மறுபடி கடற்கரைக்குப் போகிறது. அவருடைய முழு முதலும் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாக வேண்டும்.

கார்டால் கட்டிய காசு அப்படி வராது. வழக்கமாக அடுத்த வேலை நாளில்தான் வியாபாரியின் கணக்கில் விழும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் விற்று முடித்த மீனின் காசு திங்கட்கிழமைதான் வரும். திங்கள் போயா என்றால் செவ்வாய். கணக்கில் விழுந்த பிறகும் அதைத் தாளாக்க வங்கிக்கோ ஏ.டி.எம்.முக்கோ ஓட வேண்டும். வலை இழுபடும் மணலில் ஏ.டி.எம். கிடையாது. இடையில் வருகிற சனிக்கிழமை ஏலத்துக்கு அவர் எதைக் கொண்டு நிற்பது? நாள் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். நமக்கு ஒரு நொடியில் முடிகிற காரியம் அவருக்கு மூன்று நாள் முதலை முடக்கிவிடுகிறது.

இதோடு கழிவும் இருக்கிறது. கார்ட் வியாபாரத்தில் வங்கி எடுக்கும் பங்கு பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய். உதாரணத்துக்கு, ஆயிரம் ரூபாய் மீனில் அவருக்கு நிற்பது நூற்றைம்பது என்று வைத்துக்கொள்வோம். அதில் முப்பது போனால் இலாபத்தில் ஐந்திலொன்று போய்விட்டது. அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரின் தலையில் கட்டக்கூடாது என்பது வங்கியோடு செய்யும் ஒப்பந்தம்; மத்திய வங்கியும் அதைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. சரியான விதிதான். ஆனால் பெரிய கடைக்கு அது கணக்கில் ஒரு செலவு. மீன்காரருக்கு அது வீட்டுக்குப் போகும் அரிசி. கியூஆருக்கு உச்ச வரம்பு போட்டுக் கழிவைக் குறைத்து வைத்திருப்பதால் கார்டைவிட அது இவருக்குப் பொருத்தம்.

இந்தியத் தெருக்களில் தள்ளுவண்டிக்காரர்கள் எப்படி இவ்வளவு வேகமாக மாறினார்கள் என்று கேட்கலாம். 2016 நோட்டுத் தடை அவர்களைப் பிடித்துத் தள்ளியது உண்மைதான். நிலைத்து நின்றதற்கு வேறு காரணம் உண்டு. காசு அந்தக் கணத்திலேயே கணக்கில் விழுகிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வியாபாரியிடம் கழிவும் இல்லை. காலையில் தக்காளி விற்று வந்த காசை அதே போனிலிருந்து மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடலாம். வாங்குகிற இடத்திலும் விற்கிற இடத்திலும் ஒரே காசு செல்லுபடியானதால்தான் நடுவில் நின்றவர் பிழைத்தார். நம் பக்கத்திலும் மாற்றம் கேற்றடியில் தொடங்கினால் போதாது. கடற்கரையில் மீனைக் கொடுக்கிற முதலாளி முதலில் அந்தச் சதுரத்தை வைக்கட்டும். மீன்காரர் தானாக வைப்பார்.

இந்தியாவிலும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைகள் பலவற்றில் யுபிஐ மட்டைகளைக் கழற்றிவிட்டு “காசு மட்டும்” என்று எழுதி ஒட்டினார்கள். யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்து கர்நாடக வரித் திணைக்களம் அனுப்பிய நோட்டீசுகள்தான் காரணம். ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 இலட்சம் ரூபாய் வரி கேட்டு நோட்டீஸ் வந்தது. பச்சைக் காய்கறிக்கு அங்கே வரியே கிடையாது! வரவையெல்லாம் இலாபம் என்று எண்ணுகிற கணக்கைக் கண்டால் எந்தச் சிறு வியாபாரிதான் பயப்படமாட்டார்? நம் நாட்டில் வற் வரி கோடிக்கணக்கில் விற்பனை உள்ளவர்களுக்கு உரியது. வருமான வரியும் 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குத்தான். பெட்டி கட்டி மீன் விற்பவர் அந்தப் பக்கம் போவது அபூர்வம். இதை அவருக்குத் தமிழில், அவர் நிற்கிற இடத்தில் வைத்து, யாராவது சொன்னார்களா?

இனிக் கடன் கொப்பிக்கு வருவோம். அம்பாறைக் கரையில் காசில்லாத வியாபாரத்தை வங்கிகள் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. “வேளாண்மை வெட்டினதும் தாறன்” என்ற ஒரு சொல்லுக்குச் சேலையும் சட்டியும் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. மாசி, பங்குனியில் சூடடித்து நெல் விற்கும்வரை பல வீடுகளின் கணக்கு புடைவைக்காரரின் கொப்பியில்தான் ஓடும். கடனட்டை கொடுக்கிற வங்கி சம்பளத் துண்டு கேட்கும். கொப்பிக்காரர் எதுவும் கேட்பதில்லை. இந்த வீட்டுக்காரி போன போகத்தில் எப்படிக் கட்டினாள் என்பது அவருக்குத் தெரியும். கார்ட் மெஷினில் இந்தத் தவணைக்கு இடமில்லை. கொப்பி இல்லாமல் போனால் முதலில் கைவிடப்படுவது கார்டே இல்லாத வீடுகள்தான்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேற்றடிக்கு வந்து வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். மிச்சக் காசில் இருபதும் ஐம்பதுமாக ஒதுக்கி வைத்துச் சீட்டுக் கட்டுவதும், பிள்ளையின் பயிற்சிக் கொப்பிக்குக் கொடுப்பதும் அவர்கள்தான். பல வீடுகளில் வங்கிக் கணக்கும் அதோடு இணைந்த போன் இலக்கமும் ஆணின் பெயரில் இருக்கின்றன. எல்லாம் கார்ட் என்று ஆனால் அரைக் கிலோ மீனுக்கும் கணவனுக்குக் குறுந்தகவல் போகும். மனைவியின் பெயரில் ஒரு கணக்கு, அவர் கையில் ஒரு கார்ட் என்ற நிலை வராமல் அந்த வசதியைப் புரட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பத்திரிகைக்காரனாக என்னைக் கவர்ந்த செய்தியொன்று சுவீடனில் நடந்தது. ஸ்டொக்ஹோமில் வீடில்லாதவர்கள் தெருவில் நின்று விற்கிற ஒரு சஞ்சிகை உண்டு. ஜனங்கள் சில்லறை கொண்டு திரிவதை விட்டுவிட்டதால் விற்பனை படுத்தது. 2013இல் அந்த விற்பனையாளர்கள் கையில் சிறிய கார்ட் மெஷின்களைக் கொடுத்தார்கள். அதே சுவீடன், 2024இல் வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக் கால வழிகாட்டியில், வேறு வேறு பெறுமதித் தாள்களாகக் கொஞ்சம் காசைக் கையில் வைத்திருங்கள் என்று சொன்னது. காசை ஏறக்குறைய மறந்த நாட்டின் வாயிலிருந்து வந்த புத்திமதி! 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு பல மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் போன நாட்களில் அதன் அருமை நமக்கும் விளங்கியது. மறுபக்கமும் நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் அலுமாரிக் காசைக் கடலுக்குக் கொடுத்த கரை இது. வங்கியில் கிடந்தது மட்டும்தான் மிஞ்சியது. ஆகவே இரண்டும் வேண்டும்.

வங்கிகளிடம் நான் கேட்பது மூன்று. சிறு வியாபாரியின் காசை அன்றன்றே, லீவு நாள் பாராமல் கொடுங்கள். சின்னத் தொகைகளுக்குக் கழிவு வேண்டாம். “காசு வந்துவிட்டது” என்ற தகவலைத் தமிழில் அனுப்புங்கள். ஈரக் கையோடு தராசு பிடிப்பவருக்கு அது குரலாகக் கேட்டால் இன்னும் நல்லது. கட்டியதாகக் காட்டும் பொய் ஸ்கிரீன்ஷொட்டை நம்பி ஏமாறாமல் இருக்கவும் அது உதவும்.

வாசகர்களிடம் கேட்பது இதைவிட எளிது. ஏ.டி.எம்.முக்குப் போகிற அன்று ஒரு ஐயாயிரத்தைக் கடையில் மாற்றி, நூறுகளாகக் கேற்றடிக்கென்று எடுத்து வையுங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு சித்திர வேலாயுதர் கோயிலடிக்குப் போகிறவர்களும் அப்படியே. அந்தச் சனத்துக்குள் சிக்னலை நம்பி வளையல் வாங்கப் போகாதீர்கள். வியாபாரி கியூஆர் வைத்திருந்தால் தயங்காமல் அதில் கட்டுங்கள். வைத்திருக்காவிட்டால் “இன்னும் பழசிலயே நிக்கிறீங்களே” என்று சொல்லாதீர்கள். எந்தக் காசு அவருக்கு நாளைக்கு மீன் வாங்கித் தரும் என்பது அவருக்குத்தான் தெரியும். தெரிவு அவருடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் பெயரில் யாருடைய கொப்பியிலாவது நூறோ இருநூறோ மறந்து கிடக்கலாம். இந்த மாதம் நீங்களே கேட்டுத் தீர்த்துவிடுங்கள். கேட்க வெட்கப்பட்டு அவர் விட்டுவிட்ட கடன்கள் எத்தனையோ. உங்கள் ஒழுங்கைக்கு வரும் வியாபாரிகளைப் பற்றியும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கென்று பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்