ஆற்றைக் காக்கும் பணியும் ஓர் அழைத்தலே!



2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. விடுமுறைக்குக் குளிக்க வந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், 2023 டிசம்பர் 17, 18 நாள்களில், தென் மாவட்டங்களைப் பெருமழை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. 2024 டிசம்பரிலும் குற்றால அருவிகளில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதை நாம் கண்டோம்.

இப்படி நேரும்போதெல்லாம் நாம் செபிக்கிறோம். அரிசியும் போர்வையும் திரட்டி அனுப்புகிறோம். இது நல்ல செயல், தொடர வேண்டிய செயல். ஆனால் வெள்ளம் வடிந்தபின், அடுத்த மழைக்குள் செய்யவேண்டிய பணியை யார் செய்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசி யானைப்பாலத்தைக் கடந்து, அணைக்கட்டுகள் வழியாக வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் தந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்திற்குச் சேரும்படி நம் முன்னோர் அமைத்திருந்தனர். வெள்ளத்தைத் தாங்கும் வடிகாலும், கோடைக்கான சேமிப்பும் அதுவே. இன்று ஓடைகள் குறுகி, குளத்து வாய்க்கால்களில் கட்டடங்கள் எழுந்துள்ளன. மண்ணுக்குள் இறங்கவேண்டிய மழைநீர் சிமெண்ட் தரையில் வழிந்து, தெருக் குப்பையையும் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. மழைநீர் வடிகாலில் நாம் போடும் நெகிழிப்பை, தெருவில் வெள்ளமாகவும் ஆற்றில் நஞ்சாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது.

இதைச் சீர்செய்ய நீதிமன்ற உத்தரவுகள் மட்டும் போதா. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்க, 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆணை நீதிமன்றத்தில் பிறக்கலாம். ஆனால் நேரில் சென்று ஓடையை அளக்கவும், கிராம வரைபடத்தோடு ஒப்பிடவும், நீரைச் சோதிக்கவும், விவசாயிகளோடு பேசவும் ஆள்கள் வேண்டும்.

அத்தகைய இளையோர் நம்மிடையே உருவாகி வருகின்றனர். தமிழக அரசு அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2023இல் செயல்படுத்தத் தொடங்கிய முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம், மாவட்டந்தோறும் இளையோரைச் சுற்றுச்சூழல் பணியில் ஈடுபடுத்தியது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களாகப் பங்கேற்கின்றனர். பறவைகளை எண்ணுவது குளத்தின் நலத்தை அறிய ஒரு வழி.

ஆயினும் இவ்வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞரை நம் இல்லங்கள் எப்படி வரவேற்கின்றன? "சிவில் படிச்சிட்டு சாக்கடையையா அளக்கிற? துபாய்க்குப் போகக் கூடாதா?" என்று கேட்கிறோம். பெண் பிள்ளை என்றால் கவலை இன்னும் கூடுகிறது. பெற்றோரின் இக்கவலையை நாம் எள்ளி நகையாட முடியாது. இத்தகைய பணிகளில் பல குறிப்பிட்ட கால ஒப்பந்தப் பணிகளே. கல்விக் கடன் காத்திருக்கிறது. ஆக்கிரமிப்பை அளக்கப் போனால் பகையும் வரும். எனவே இளையோரிடம் தியாகத்தை மட்டும் கேட்பது நீதியாகாது. நிலையான பணியும், உரிய ஊதியமும், பாதுகாப்பும் அவர்களுக்கு வழங்குமாறு அரசைக் கேட்பதும் நம் கடமை.

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தில், தெளிந்த நீரைக் குடித்துவிட்டு எஞ்சியதைக் கால்களால் கலக்கிவிடும் கொழுத்த ஆடுகளை ஆண்டவர் கண்டிக்கிறார். கலங்கிய நீரைக் குடிக்கவேண்டிய நிலை மெலிந்த ஆடுகளுக்கு! மேல்மடையில் இருப்போர் செய்வதைக் கடைமடையில் இருப்போர் சுமக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும், தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்றும், ஏழைகளின் குரலும் பூமியின் குரலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன என்றும் நமக்கு உணர்த்துகிறது.

அப்படியானால் பங்குச் சமூகமாக நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நம் ஆலயக் கூரையில் விழும் மழைநீர் எங்கே போகிறது என்று பார்ப்போம். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழிகள் இன்று மண்மூடிக் கிடக்கின்றனவா? இளையோர் இயக்கம் ஒரு சனிக்கிழமையில் அதைச் சரிசெய்துவிடலாம். இரண்டாவது, திருவிழா அசன விருந்தில் நெகிழித் தட்டையும் குவளையையும் விலக்குவோம். மூன்றாவது, இறையழைத்தல் ஞாயிறன்று குருத்துவ, துறவற அழைத்தலுக்காக மன்றாடும் நாம், நீரையும் நிலத்தையும் காக்கும் பணிக்குச் செல்லும் இளையோருக்காகவும் மன்றாடுவோம். அவர்களை அழைத்து நம் மறைக்கல்வி மாணவர்களிடம் பேசச் செய்வோம்.

ஏதேன் தோட்டத்தில் மனிதருக்குக் கடவுள் தந்த முதல் வேலை, அதைப் பண்படுத்துவதும் பாதுகாப்பதும் ஆகும். முழங்கால் அளவு சேற்றில் நின்று வாய்க்காலின் ஆழத்தை அளக்கும் நம் பிள்ளைகள் அந்த முதல் வேலையைத்தான் செய்கிறார்கள். அடுத்த மழை வருமுன் அவர்களுக்குத் துணை நிற்போம். இறைவன் தாமே நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக!