துளசி வாடினால் மருமகள் மீது பழியா?

"வீட்டில் துளசி வாடினால் குடும்பத்துக்கு ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

அதோடு விட்டால் பரவாயில்லை. "எல்லாம் அவள் கைராசி!" என்று புதிதாக வந்த மருமகள் தலையில் பழியைப் போட்டுவிடுகிறார்கள். தினமும் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். பழி வாங்குகிறவளும் அவள்தான்.

இது நியாயமா?

நியாயம் அல்ல. செடி வாடுவதற்குக் கைராசி காரணம் அல்ல. பல வீடுகளில் தொட்டிதான் காரணம்.

தகர டப்பாவில் துளசி

அரக்கோணம், ரெயிலால் வளர்ந்த ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் பாதை 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது அரக்கோணம் வழியாகத்தான் போனது. இன்று சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நான்கு பக்கமும் பாதை பிரிகிறது.

ரெயில் வேலை என்றால் மாற்றல் உண்டு. வாடகை வீடு என்றாலும் அப்படித்தான். ஆகவே தூக்கிச் செல்ல வசதியாகப் பெயிண்டு டப்பாவிலும், எண்ணெய் டின்னிலும் செடி வைப்பவர்கள் உண்டு.

செடி வைப்பது நல்லதுதான். ஆனால் வைத்ததோடு மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து வயதில் தைத்த சட்டையைப் பத்து வயதுப் பையனுக்கு மாட்டினால் என்ன ஆகும்? மூச்சு முட்டும். செடியும் அப்படித்தான். மேலே கிளை வளரும்போது கீழே வேரும் வளர்கிறது. இடம் இல்லாவிட்டால் வேர் டப்பாவையே சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் மண்ணைவிட வேர்தான் அதிகமாக இருக்கும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

தகரத்தில் இன்னொரு கேடும் உண்டு. அரக்கோணம், திருத்தணி பக்கம் கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். அப்போது தகரம் கொதிக்கும். அதை ஒட்டி இருக்கும் வேர் வெந்துபோகும்.

ஆராய்ச்சி சொல்வது

ஜெர்மனியில் ஹென்ட்ரிக் பூர்ட்டர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், தொட்டிச் செடிகளைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2012-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

தொட்டியின் கொள்ளளவை இரண்டு மடங்கு ஆக்கினால், செடியின் வளர்ச்சி சராசரியாக 43 சதவீதம் கூடுகிறதாம்!

இதில் கைராசிக்கு எங்கே இடம்?

தொட்டி மாற்றுவது எப்படி?

அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தால், தண்ணீர் ஊற்றிய மறுநாளே மண் காய்ந்தால், புதுத் துளிர் வராமல் நின்றால், தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அறியலாம்.

கத்திரி வெயிலில் மாற்றக்கூடாது. ஆடி, ஆவணியில் மாற்றலாம். மாலை நேரம் நல்லது. முதல் நாளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும்.

புதுத் தொட்டி, பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போகக்கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, வேர் அழுகிவிடும்.

மண் தொட்டியே மேல். குடிதண்ணீர்ப் பானையைப் போல அது உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். குயவர் வீட்டிலும் அடுப்பு எரியும். அடியில் ஓட்டை கட்டாயம் இருக்கவேண்டும். மண் ஓடாமல் இருக்க அதன்மேல் ஓர் ஓட்டுத்துண்டை வைக்கலாம்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு. இதுதான் கலவை. பச்சைச் சாணம் போடக்கூடாது. அதன் சூடு வேரைக் கெடுக்கும்.

தண்டை விரல்களுக்கு இடையில் பிடித்து, டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால் செடி மண்ணோடு வந்துவிடும். சுற்றிய வேரை மெதுவாகப் பிரித்துவிட வேண்டும். முன்பு இருந்த ஆழத்திலேயே நடவேண்டும். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மண் நிற்கவேண்டும்.

சிமெண்டு மாடத்தில் வளரும் துளசிக்கு, அடைத்துப்போன ஓட்டையைத் திறந்து, மேல்மண்ணைச் சுரண்டிப் புது மண் போட்டாலே போதும்.

அதன் பிறகுதான் கவனம்

தொட்டி மாற்றியதும் செடி இரண்டு மூன்று நாள் தலை தொங்கும். பயப்பட வேண்டாம். பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்கவேண்டும். ஒரு மாதம் உரம் தேவை இல்லை.

மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றவேண்டும். தினமும் பூஜை செய்கிறவர்கள் ஈரம் இருக்கும் நாளில் ஓர் உத்தரணி தண்ணீர் விட்டால் போதும். பக்திக்குக் குடம் கணக்கு இல்லை.

துளசிக் கதிர்களை அவ்வப்போது கிள்ளவேண்டும். விட்டால் விதை பிடித்து, செடி சீக்கிரம் தளர்ந்துவிடும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கவிடக்கூடாது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில்தான் முட்டை இடும்.

"சாமி செடியைப் பிடுங்கலாமா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இது பிடுங்குவது அல்ல. நெருக்கடியில் இருந்து நல்ல வீட்டுக்குக் குடி மாற்றுவது. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்துத் திருத்தணி மலை ஏறுகிறோம். பூவை ஆண்டவனுக்குக் கொடுக்கும் கை, அதைத் தரும் செடியையும் காப்பாற்றவேண்டும் அல்லவா?

இந்த வேலை மருமகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கக்கூடாது. மாமியார் மண்ணைக் கலக்கட்டும். மகன் தொட்டி வாங்கி வரட்டும். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும். ஓர் உயிரை வளர்ப்பது எப்படி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட எளிய பாடம் கிடையாது.

எவ்வளவு செய்தும் துளசி ஒருநாள் பட்டுப்போகலாம். சில ஆண்டுகளே வாழும் செடி அது. விதை எடுத்து மறுபடி போட்டால் முளைக்கும்.

ஆனால் "உன் கைராசி சரி இல்லை" என்ற சொல்லால் வாடிய மனம் அவ்வளவு எளிதில் தளிர்ப்பது இல்லை.

அடுத்த முறை துளசி வாடினால் மருமகள் முகத்தைப் பார்க்கவேண்டாம். தொட்டியின் அடியைப் பாருங்கள்!