தோற்றாலும் கோடி

2023 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு நீக்கியது. நீக்கியதற்காக அவருக்குத் தரவேண்டி வந்த தொகை சுமார் 7.6 கோடி டாலர். நம் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல். 2031 வரை தவணை தவணையாகப் போகும். இடையில் அவர் வேறு வேலையில் சேர்ந்தாலும் ஒரு டாலர் குறையாது, ஒப்பந்தம் அப்படி. உதவித்தொகை எப்போது வரும் என்று மாதாமாதம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவனான எனக்கு, இதைச் செய்தது ஒரு பல்கலைக்கழகம் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

(இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டமே பெரிய தொலைக்காட்சி வியாபாரம்.)

ஃபிஷர் முன்பு ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அதை நம்பி 2017 இறுதியில் பத்தாண்டுக்கு 7.5 கோடி டாலர், முழுத்தொகைக்கும் உத்தரவாதம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2020இல் அணி பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்றது. உடனே ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டிச் சம்பளத்தையும் உயர்த்தினார்கள். 2022இல் 5 வெற்றி, 7 தோல்வி. மொத்தக் கணக்கு 45 வெற்றி, 25 தோல்வி. பட்டம் எதுவும் இல்லை. அவருக்குப் பின் அவரைவிடக் குறைந்த சம்பளத்தில் வந்த மைக் எல்கோ, 2025இல் அணியை முதன்முறையாக பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

ஃபிஷரை வேலைக்கு எடுத்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வார்ட் பிறகு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 2021இல் பிரையன் கெல்லியைப் பத்தாண்டுக்கு சுமார் 9.5 கோடி டாலருக்கு எடுத்தார். 2025 அக்டோபரில் கெல்லியும் நீக்கப்பட்டார். மீதித் தொகை ஐந்து கோடி டாலருக்கு மேல். சில நாட்களில் உட்வார்டும் பதவி இழந்தார். ஒரே மனிதர், இரண்டு ஊர், ஒரே தவறு!

பயிற்சியாளரை மாற்றுவதால் பலன் உண்டா என்று ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு பார்த்தது. மிக மோசமாக ஆடிய அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய பலன் இல்லை. நடுத்தரமாக ஆடிய அணிகளோ மாற்றியபின், பயிற்சியாளரை மாற்றாத அதே தர அணிகளைவிட மோசமாக ஆடின. இதற்குப் பிறகும் நீக்குவதும் இழப்பீடு தருவதும் நிற்கவில்லை.

'வரிப்பணம் இல்லை, நன்கொடையும் தொலைக்காட்சி வருமானமும்தான்' என்பார்கள். சரி, அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? மைதானத்தில் மண்டையையும் முழங்காலையும் பணயம் வைக்கும் பிள்ளைகளிடமிருந்து. உயர்மட்டக் கல்லூரி அணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின இளைஞர்கள். தலைமைப் பயிற்சியாளர்களிலோ பத்தில் ஒருவர்தான் கறுப்பினத்தவர், கொஞ்சம் முன்னே பின்னே. கறுப்பினப் பயிற்சியாளர் ஒருவர் இந்த உயர்மட்டத்தில் தேசியப் பட்டம் வென்றதே இல்லை. 2025 ஜனவரியில் நோட்ரே டேம் அணியின் மார்கஸ் ஃப்ரீமன் இறுதி ஆட்டம்வரை வந்து தோற்றார். 'தகுதி', 'திறமை' என்று யாராவது பேசத் தொடங்கினால் நமக்குக் காது தானாகவே கூர்மையாகிவிடும் இல்லையா, இங்கேயும் அதைத்தான் சொல்கிறார்கள். தகுதிக்கு விலை என்றால் தோல்விக்கு எதற்கு இத்தனை கோடி?

ஆடுபவர்களுக்கு வேறு நியாயம். 1955இல் கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு ஒரு கல்லூரி வீரர் இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்குப் போட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தகைய கோரிக்கைகளைத் தடுக்கத்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தொழிலாளி அல்ல, மாணவன். ஆகவே கூலி இல்லை, படிப்புதான் கூலி. பல பத்தாண்டுகள் இப்படியே ஓட்டினார்கள்.

அதே சங்கம் 1990களில் கூடைப்பந்துத் துணைப் பயிற்சியாளர்கள் சிலருக்கு ஆண்டுக்கு 16,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். போட்டியை முடக்கும் சட்டவிரோத ஏற்பாடு என்று தீர்ப்பு வந்தது; சங்கம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்தது. பயிற்சியாளரின் கூலிக்கு வரம்பு வைத்தால் சட்டவிரோதம். வீரனின் கூலிக்கு வரம்பு வைத்தால் மட்டும் அது விளையாட்டின் தூய்மை!

2021இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகே இந்தக் கோட்டை விரிசல் கண்டது. வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அந்த ஆண்டு வழி பிறந்தது. 2025 சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே பணம் தரலாம். ஆனால் அதற்கும் உச்சவரம்பு: எல்லா விளையாட்டுகளிலும் உள்ள எல்லா வீரர்களுக்கும் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதலாண்டில் 2.05 கோடி டாலர். ஃபிஷர் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப ஆனது இதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல்.

இப்போது என்சிஏஏ நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டுகிறது. 2025இல் கொண்டுவரப்பட்ட மசோதா ஒன்று, போட்டிச் சட்டத்திலிருந்து அதற்குப் பாதுகாப்புத் தருவதோடு, வீரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்றும் சொல்கிறது. ஊழியர் இல்லையென்றால் தொழிற்சங்கம் இல்லை, கூட்டுப்பேரம் இல்லை. 1957இல் அந்த மனைவிக்குச் சொன்ன அதே பதில்.