தட்டை எடுக்கலாமா சார்?

நம்மூர் டிபன் ஓட்டல்கள்ல இட்லி கொண்டு வர்றவர் சப்ளையர். தட்டை எடுத்து மேசை துடைக்கிறவர் கிளீனர். பையன்னு கூப்பிடுவோம், சிலருக்கு ஐம்பது வயசு இருக்கும். இந்தப் பிரிவினைதான் எனக்கு ஒத்து வரல.

ஆளைப் படிக்கிறதுல சப்ளையர் கில்லாடி. இலைச் சாப்பாட்டுல பாருங்க. சாதத்துல குழி பறிச்சா சாம்பார். இலைக்கு மேல கை குறுக்கே வந்தா போதும். நம்ம பக்கமா இலையை மடிச்சா கதை முடிஞ்சது. வெள்ளைக்காரங்க மேசையிலயும் கத்தியும் முள்கரண்டியும் சேர்ந்து கிடந்தா தட்டை எடுக்கலாம்னு அர்த்தம். அதுவும் மேசையில எல்லாரும் முடிச்ச பிறகுதான்.

டிபன் தட்டுல மடிக்கறதுக்கு என்ன இருக்கு? பாதி வடையை வச்சுட்டு போன் பேச வெளிய போறோம். திரும்பி வருவோம்னு சப்ளையருக்குத் தெரியும், காபி சொல்லியிருக்கோமே. கிளீனருக்கு யார் சொல்றது? அவர் முதுகுல சூப்பர்வைசர் கண்ணு. நம்ம நாற்காலிக்குப் பின்னாடி அடுத்த குடும்பம் காத்துக்கிட்டு நிக்குது. இப்பல்லாம் பல கடைகள்ல அவர் பீகார்லேர்ந்தோ அஸ்ஸாம்லேர்ந்தோ வந்தவர், நம்ம பாஷையும் பாதிதான் புரியும். தட்டு போயிடுது. திட்டு அவருக்கு. போன மாசம் ஒரு பெரியவர் அரை வடைக்காகப் போட்ட சத்தத்துல கடையே திரும்பிப் பார்த்தது. விஷயம் தெரிஞ்ச சப்ளையர் பக்கத்து மேசைக்கு சட்னி ஊத்திக்கிட்டு இருந்தார்!

வேகத்துக்காகப் பிரிச்சோம்னு முதலாளிங்க சொல்வாங்க. கூட்ட நேரத்துல அது நியாயம்தான். ஆனா எச்சில் தட்டைத் தொடறது மட்டமான வேலைங்கிற நினைப்பும் இதுல இருக்குன்னு எனக்குத் தோணுது. பெரிய ஓட்டல்ல ஆர்டர் எடுத்தவரே தட்டையும் எடுக்கறார், யாரும் அவரை மட்டமா பார்க்கறதில்லையே. அந்த அளவுக்குக் கூட வேணாம். 'அந்த மேசை இன்னும் முடியல'ன்னு சப்ளையர் ஒரு கண்ணசைவு காட்டினா ஆகாதா?

டிப்ஸ் கதை தனி. சேவைக் கட்டணத்தை பில்லுல தானா சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொன்னது. 2025 மார்ச்சுல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. ஆக, குடுக்கறது நம்ம இஷ்டம். பில் அட்டையில வைக்கிற காசு பெரும்பாலும் சப்ளையரோட நின்னுடுது. நான் இப்பல்லாம் அதுல பாதியைத் தனியா எடுத்து வச்சுக்கறேன், மேசை துடைக்க வர்றவர் கையில குடுக்க. முதல் தடவை வாங்க மாட்டேங்கிறாங்க, சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்க்கறாங்க.