காலுக்கு ஒரு காற்றுச்சட்டை

முலுண்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் உத்தியோகம் உண்டு. ஊரிலிருந்து யாராவது பரேல் டாடா மெமோரியலுக்கு வைத்தியத்துக்கு வந்தால், படுக்கை, சாப்பாடு, லோக்கலில் கூட்டிப்போவது எல்லாம் நாம்தான். (புகார் இல்லை. ஊர்ச்செய்தி வீடு தேடி வருகிறதே!) வைத்தியம் முடிந்து ஊர் திரும்பி, சில வருஷம் கழித்துச் சிலருக்கு வரும் கால் வீக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இடுப்புப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, காலிலிருந்து நிணநீர் மேலே ஏறும் பாதை குறைந்துபோகிறது. நீர் காலிலேயே தங்குகிறது. எங்கள் கும்பகோணத்துப் பக்கம் யானைக்கால் என்று நாம் பார்த்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே பாதையைக் கெடுப்பது கொசு கொண்டுவரும் புழு. 2027க்குள் அதை ஒழிப்பது அரசின் இலக்கு. நல்லது. ஆனால் ஏற்கனவே வீங்கிய காலை மாத்திரை பழையபடி ஆக்கிவிடாது.

அந்த நீரை மேலே தள்ளத்தான் காற்றடைக்கும் கால் உறைகள். பாதத்திலிருந்து தொடை வரை வரிசையாகக் காற்றறைகள். சின்ன பம்பு ஒன்று கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக நிரப்பும், பிறகு காற்றை விடும். டாக்டர் பிரஷர் பார்க்கச் சுற்றும் பட்டையைப் பத்து மடங்கு பெரிதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மாவுக்கு அப்படி ஒன்று வாங்கினோம். கடைக்காரர் பேசியதெல்லாம் பம்பைப் பற்றி. எத்தனை அறை, எத்தனை மோடு, ரிமோட் உண்டு. பெரியம்மாவின் காலை அளக்க ஒரு டேப்பை எடுக்கவில்லை. நாலு அடி பத்து அங்குல உயரமுள்ள மனுஷிக்கு நெட்டையான ஆளுக்குச் செய்த உறை. மேலறை அரையிடுக்கில் மடிந்து கவ்வியது. "தொடையில கயிறு கட்டின மாதிரி இருக்குடா, கணுக்கால்ல ஒண்ணுமே தெரியல" என்றார். கருவிகள் அளவீடுதான் என் பிழைப்பு என்பதால், குழந்தைகளுக்கான பிரஷர் பட்டையின் ரப்பர் பையை உறைக்குள் செருகி இடம் இடமாகப் பார்த்தேன். பம்பின் திரை காட்டியது 40. முழங்காலுக்குக் கீழே அதில் பாதிகூட இல்லை. மடிப்பில் அதைவிட அதிகம்.

காற்றை அடைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம்தானே, பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே என்று கேட்கலாம். பைக்குள்ளே சரி. தோலுக்கு வந்து சேரும்போதுதான் சிக்கல். நிரம்பிய பை உருண்டையாகப் பார்க்கும். உருண்டால் நடு முதுகு மட்டும் காலைத் தொடும். இரண்டு அறைகள் சேரும் தையலில் பள்ளம் விழும். காற்று மெத்தையில் படுத்தவர்களுக்குத் தெரியும். அழுத்தம் இல்லாத அந்தப் பள்ளத்தில் நீர் வளையமாகத் தங்கிவிடும். அதனால் அறைகள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். வெளித்துணி இழுபடவே கூடாது. உள்பக்கத் துணி கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். அது விறைத்துக்கொண்டால் காற்றின் அழுத்தத்தைத் தானே தாங்கிக்கொண்டு, தோலுக்கு மிச்சத்தைத்தான் கொடுக்கும்.

சாதாரண இறுக்குக் காலுறையில் வேறு தொல்லை. ஒரே இழுவிசைக்கு, வளைவு எவ்வளவு சிறியதோ அழுத்தம் அவ்வளவு அதிகம். கெண்டைக்கால் முன்னெலும்பில் வெட்டும், கணுக்கால் குமிழுக்குப் பின்னால் இருக்கும் குழியைத் தொடக்கூடத் தொடாது. அந்தக் குழியை நிரப்பக் காற்றால் முடியும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். சீரான அழுத்தம் என்றால் மேலும் கீழும் ஒரே எண் என்றும் அர்த்தமில்லை. காலைச் சுற்றி எந்தப் பக்கமும் விட்டுப்போகக் கூடாது; கணுக்காலில் கூடுதலாகத் தொடங்கி மேலே போகப்போகக் குறைய வேண்டும். தலைகீழானால் நீர் ஏறாது.

போர் விமானிகளுக்கு இந்தக் கவனிப்பு எப்போதோ கிடைத்துவிட்டது. விமானம் வேகமாகத் திரும்பும்போது ரத்தம் காலில் இறங்கி மயக்கம் வராமல் இருக்க, வயிறு, தொடை, கெண்டைக்காலை இறுக்கும் உடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவின் வில்பர் ஃபிராங்க்ஸ் அதைத் தண்ணீர் நிரப்பிச் செய்தார். அவர் அடிப்படையில் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் என்பதுதான் வேடிக்கை. விமானியின் உடையை அவன் உடம்புக்கு ஏற்றபடி நாடா இழுத்துப் பொருத்துகிறார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் எஸ், எம், எல்!

என் கட்சி இதுதான்: இது பம்புப் பிரச்சினை இல்லை, தையல் பிரச்சினை. மோட்டாரும் வால்வும் எங்கும் கிடைக்கும். நிஜமான ஒரு காலை, அதுவும் வீங்கிக் கோணலான காலை, ஏழெட்டு இடத்தில் அளந்து வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும். முலுண்டில் ஸ்லோ லோக்கல் ஏறினால் காஞ்சுர்மார்கில் இறங்கிப் பவாய் ஐ.ஐ.டி. போகலாம், மருத்துவக் கருவி வடிவமைப்புக்கென்றே 2014இல் தொடங்கிய பீட்டிக் மையம் அங்கே இருக்கிறது. சயானில் இறங்கினால் தாராவி. தோலும் ரெக்சினும் கையில் பேசும் நம்ம ஊர்க்காரர்கள் அங்கே தலைமுறையாகப் பை தைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் பரேல், நோயாளிகள். ஒரே டிக்கெட்டில் மூன்றும் இருக்கும்போது, அளவே எடுக்காத டப்பாவை எதற்குப் பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டும்?

பெரியம்மாவின் உறை இப்போது கொஞ்சம் தேவலை. பிசியோதெரபிஸ்ட் பெண் முழங்காலுக்குக் கீழே மெல்லிய ஃபோம் வைத்துக் காலை ஒரு கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மேலறையின் குழாயை அடைத்து மடித்துவிட்டோம். கணுக்கால் சதையில் மறுபடி சுருக்கம் தெரிகிறது என்று போன வாரம் போனில் சொன்னார்.

டிஸ்கி: பக்கத்து வீட்டில் ஓசி வாங்கி மாட்டிக்கொள்ளும் சாமான் இல்லை இது. காலில் ரத்தக்கட்டி, இதயச் செயலிழப்பு, சிவந்து சுடும் தொற்று, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் ஆபத்து. டாக்டர் பார்த்துச் சொன்னபிறகுதான். வாங்கப் போகும்போது கையில் ஒரு டேப் கொண்டுபோங்கள். கடைக்காரர் அதை எதற்கென்று கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.